பள்ளத்துல விழாத டயர்

அக்கா: நாலு டயரும் நல்லாத்தான்டா இருக்கு. காரை வாங்குறவங்க ஒரு குறை சொல்ல மாட்டாங்க. ஆமா, டிக்கியில என்ன கோணி சுத்தி வச்சிருக்க?

தம்பி: அதுவா... அது ஒண்ணுமில்லக்கா. பழசு.

அக்கா: பழசுன்னா? புதையலா?

மாமா: புதையல் எங்க, டயர்தான். டயர்க்கடை வச்சிருக்கிற அக்காகிட்டயே டயரை மூட்டை கட்டி ஒளிக்கிறான் பாரு உன் தம்பி.

தம்பி: ஒளிக்கல மாமா. போற வழியில எங்கயாவது தூக்கிப் போட்டுடலாம்னு...

அக்கா: போற வழியிலயா? ஊர் உலகத்துல பழைய டயரெல்லாம் எங்கிட்டதான் வருது. கூடப் பொறந்தவன் மட்டும் தெருவுல போடுவானாம். இறக்கு.

தம்பி: வேணாம்க்கா.

அக்கா: நீங்க இறக்குங்க. அவன் கையைப் பிசைஞ்சுக்கிட்டே நிப்பான்.

மாமா: நகருடா மச்சான்... அட, என்ன இது, உள்ள பொலபொலன்னு ஏதோ கொட்டுது. சட்டையெல்லாம் கறுப்பு.

அக்கா: சட்டையை நான் தொவைச்சுக்கறேன், இங்க வைங்க... ஏன்டா, இது அந்த டயர்தானே?

தம்பி: எந்த டயர்?

அக்கா: அம்மா போன அன்னைக்கு வெடிச்சுதுன்னு சொன்னியே. அது.

தம்பி: ...ம்.

அக்கா: இத்தனை மாசமா இதைச் சுமந்துக்கிட்டா சுத்தின?

தம்பி: தூக்கிப் போட மனசு வரல.

அக்கா: நல்ல மனசு. பெத்தவ கண்ணு மூடுற வரைக்கும் வந்து சேராதவனுக்கு டயர் மேல மட்டும் பாசம்.

மாமா: ஆரம்பிச்சுட்டியா? இப்பத்தான் இத்தனை மாசம் கழிச்சு வாசப்படி ஏறியிருக்கான்...

அக்கா: நான் ஒண்ணும் ஆரம்பிக்கல. அந்த வேன்காரர் எவ்வளவு நேரமா நிக்கிறாரு, அவரைப் போய்க் கவனிங்க.

மாமா: என்னைத் துரத்துறா. நீ கொஞ்சம் தள்ளியே நில்லு மச்சான், கையில கம்பி வச்சிருக்கா.

அக்கா: போங்கன்னா... டேய், அந்த லைட்டை இந்தப் பக்கம் பிடி. எந்த இடத்துல பள்ளம்னு சொன்ன?

தம்பி: பெரிய பாலம் தாண்டினதும். தண்ணி தேங்கியிருந்துச்சு, பள்ளம்னே தெரியல. தடால்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அக்கா: அப்புறம்?

தம்பி: எத்தனை தடவைக்கா சொல்றது? ஓரங்கட்டினேன். மண்ணு இளகிக் கிடந்துச்சு, ஜாக்கி நிக்கல. நட்டு ஒண்ணு சுத்தவே மாட்டேன்னுடுச்சு. ஸ்டெப்னி போட்டு முடிக்கிறதுக்குள்ள பொழுதே போயிடுச்சு.

அக்கா: ம்... லைட்டை ஆட்டாத. கிட்ட கொண்டா.

தம்பி: இந்தா.

அக்கா: பள்ளத்துல அடிச்சா டயரு சைடுல ஒரு இடத்துலதான்டா அடி வாங்கும். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல கடிபட்டு உள்ள இருக்கிற நூலெல்லாம் அறுந்துடும். அப்புறம் காத்து அந்த இடத்துல முட்டிக்கிட்டு, பல்லு வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கி நிக்கும். இதுல வீக்கம் எங்க? காட்டு.

தம்பி: அதான் வெடிச்சுதே. அதோட போயிருக்கும்.

அக்கா: வெடிச்சா வாயைப் பொளந்துக்கிட்டு கிழிஞ்சிருக்கும். இதுல கிழிசலும் இல்ல.

தம்பி: ஓரங்கட்டும்போது நடைபாதைக் கல்லுல உரசியிருக்கலாம்.

அக்கா: உரசினா காய்கறித் தோலு சீவின மாதிரி ஒரு பக்கம் மட்டும் போகும்.

தம்பி: அப்ப வெயில்ல நின்னு நின்னு...

அக்கா: வெயில்ல காஞ்சா பொடிப்பொடியா வெடிப்பு விடும். என் குதிகாலைப் பாரு, அதே மாதிரி. நீ வாய்க்கு வந்ததைச் சொல்லு, நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

தம்பி: விடுக்கா. டயர் போனா போகுது.

அக்கா: இங்க பாரு. சுத்தி ஒரு வளையம். ஒரு இடம் பாக்கியில்லாம, வரைஞ்சு விட்ட மாதிரி. கையை உள்ள விடு.

தம்பி: வேணாம்.

அக்கா: விடுடா.

தம்பி: ...கரி.

அக்கா: கரி இல்ல, ரப்பரு. காத்து இல்லாம ஓட்டினா சைடு மடிஞ்சு மடிஞ்சு தன்னைத்தானே அரைச்சுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினா வெறும் வளையத்தோட நிக்கும். இது கை கையா கொட்டுது. இதோ பாரு, நடுவுல ஆணி. பள்ளமும் இல்ல, தண்ணியும் இல்ல. ஆணி ஏறி, காத்து எறங்கி, அப்படியே ஓட்டியிருக்க.

தம்பி: லைட்டை அணைக்கட்டுமா?

அக்கா: வண்டி ஒரு பக்கமா இழுத்திருக்கும். ஸ்டியரிங் கையில நிக்காம ஆடியிருக்கும். ரப்பர் தீயிற நாத்தம் மூக்கைத் துளைச்சிருக்கும். தெரியலையா உனக்கு?

தம்பி: தெரிஞ்சுது.

அக்கா: நிறுத்தலையா?

தம்பி: நிறுத்தல.

அக்கா: ஏன்டா?

தம்பி: நிறுத்தினா நேரமாயிடும்னு. நீ போன்ல சொன்ன குரலு அப்படி இருந்துச்சு.

அக்கா: தலைகுப்புறக் கவுந்திருந்தா? எங்களுக்கு ஒரே நாள்ல ரெண்டு சாவா?

தம்பி: கவுழலையே.

அக்கா: அடப்பாவி... சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேனேடா. பெத்தவ உயிரு போறப்ப நிதானமா ஸ்டெப்னி மாத்திக்கிட்டிருந்தவன்னு. தலையைக் குனிஞ்சு நின்னியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

தம்பி: சொல்லி என்னக்கா ஆகப் போகுது.

மாமா: ஏம்மா, பெரிய ஸ்பேனரை எங்க வச்ச?

அக்கா: உங்க காலுக்குக் கீழ.

மாமா: இங்க இல்லையே... ஓ. இருக்கு. சரி, நீ ஏன் மூக்கை உறிஞ்சுற?

அக்கா: தூசி. நீங்க அங்க பாருங்க... டேய், இரு. நீ நிறுத்தவே இல்லைன்னா... நீ ஆஸ்பத்திரிக்கு வந்தது பொழுது சாஞ்சு, லைட்டெல்லாம் போட்டதுக்கு அப்புறம்.

தம்பி: ஆமா.

அக்கா: விடியக்காலையில கிளம்பினவன். எங்கயும் நிக்கல. அப்படின்னா மத்தியானமே வந்திருக்கணும். மத்தியானம் அம்மா இருந்தாங்களேடா.

தம்பி: அந்த டயரை அங்க போட்டுட்டு வா. காரை வாங்குறவரு காத்துக்கிட்டிருப்பாரு.

அக்கா: இருக்கட்டும். ஸ்டெப்னி எங்க மாத்தின?

தம்பி: ஆஸ்பத்திரி பார்க்கிங்லதான். இருட்டுற நேரத்துல.

அக்கா: அதுவரைக்கும் எங்க இருந்த?

தம்பி: கார்ல.

அக்கா: மாடிக்கு வரவே இல்லையா?

தம்பி: லிஃப்ட் ஓடல அன்னைக்கு.

அக்கா: நான் அதைக் கேக்கல.

தம்பி: ...படியேறித்தான் வந்தேன்.

அக்கா: ரூம் வரைக்குமா?

தம்பி: அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு நீதானே சொன்ன. கடைசியில யாரையும் கேக்கலன்னு சொன்ன. நானும் எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

அக்கா: ஆமா... கேக்கல. தூங்கிட்டாங்க.

தம்பி: சரிக்கா.

அக்கா: சரின்னா என்ன சரி?

தம்பி: சரிதான்.

அக்கா: ...கதவு சாத்தியிருந்துச்சா, திறந்திருந்துச்சா?

தம்பி: பாதி திறந்திருந்துச்சு.

அக்கா: ஐயோ.

தம்பி: கையெல்லாம் கறுப்பா இருக்கு. கண்ணைத் தொடாத. இந்தா, இந்தத் துணியில துடை.

அக்கா: மூணு வருஷம்டா. குளிப்பாட்டி, தலைவாரி, ஒவ்வொரு வாயா ஊட்டி... கண்ணைத் திறந்தா ஒரே கேள்விதான். அவன் வந்துட்டானா, அவன் வந்துட்டானா. பக்கத்துலயே நான் நிக்கிறேன், என்னைத் தாண்டிக் கதவைப் பாப்பாங்க. அன்னைக்கும் அதேதான். என் வாயில என்ன வந்துச்சுன்னு...

தம்பி: நீ சொல்ல வேணாம்.

அக்கா: சொன்னதும் கதவைப் பாக்கிறதை விட்டுட்டாங்க. நீ வரமாட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாங்கடா. நீ வாசல்ல நிக்கிறப்பவே... ஒரு அடி எடுத்து வச்சிருக்கக் கூடாதா? "இதோ வந்துட்டேன்"னு சொல்லி நான் சொன்னதைப் பொய்யாக்கியிருக்கக் கூடாதா? ஏன்டா உள்ள வரல?

தம்பி: "அவன் வரமாட்டான், இங்க இருக்கிறது நான்தான், ஒரே ஒரு தடவை என்னைப் பாரும்மா"ன்னு நீ அழுதுக்கிட்டிருந்தக்கா. நான் உள்ள வந்தா, அம்மா என்னைத்தான் பாத்திருப்பாங்க.