வா என்ற இடத்தில் நீ

பென்சிலில் எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். தாள் அறைக்குள் பேனா கொண்டுவரக் கூடாது என்று இருபத்தாறு வருடங்களாக எல்லாரோடும் மல்லுக்கட்டியவள் நான். எனக்காக மட்டும் அதைத் தளர்த்த முடியாது. பாடுகிறவர்கள் இசைத்தாளில் எதைக் கிறுக்கினாலும் பென்சிலில்தான் கிறுக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் நான் ஒவ்வொரு தாளாக எடுத்து, ரப்பரால் அழித்து, உதறி, உறையில் போட்டுவிடுவேன். அடுத்த குழுவின் கையில் அது புதுத் தாளாகப் போய்ச் சேரும்.

நேற்று நீங்கள் படகுப் பாட்டின் இரண்டு பிரதிகளை என் மேசையில் வைத்து, "பழசுல 'வா'ன்னு இருக்கு, இதுல 'நீ'ன்னு இருக்கு. யாரு மாத்தினது? எதுக்கு?" என்று கேட்டீர்கள். குழுவின் செயலாளர் என்ற முறையில் எழுத்தில் பதில் வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஒரே ஒரு எழுத்துக்கு இத்தனை விசாரணையா என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த இடத்தில் தொண்டை இறுகிப்போகிறது என்று ஒத்திகையின் நடுவே அழுதுவிட்டாளாம். கேட்க வேண்டியதுதான். மாற்றியவள் நான். ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என்னை எல்லாரும் தாளக்கா என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் எனக்குத் தாளம் நன்றாக வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குத் தாளமும் வராது, சுருதியும் வராது. தாள் கொடுக்கிற அக்கா, அவ்வளவுதான். ஆனால் எந்தக் குழுவுக்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று சொல்வது எனக்குக் கைவந்த கலை. நம் குழுவுக்கு மட்டுமல்ல, எங்கெங்கிருந்தோ கேட்டு வருவார்கள். "பதினோரு பொம்பளைங்க, மூணு ஆம்பளைங்க, அதுல ஒருத்தர் இருமுறதுக்குன்னே வர்றார், என்ன பாடலாம்?" என்று கேட்பார்கள். இரங்கல் கூட்டத்துக்கு ஒரு இறைவேண்டல் வேண்டும், ஆனால் யாரும் அழுதுவிடக் கூடாது என்பார்கள். அறுவடைப் பாட்டு வேண்டும், ஆனால் கிழவர்களும் மூச்சு வாங்காமல் பாட வேண்டும் என்பார்கள். நான் போய் அவர்கள் ஒத்திகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பேன். பிறகு அலமாரிக்கு வந்து சரியான உறையை உருவிக் கொடுப்பேன். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது என்பார்கள்.

பாடத் தெரியாதவளுக்கு இது எப்படி என்று நீங்களும் ஒருமுறை கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என் தலையைத் தடவி, "நீ வாய மட்டும் அசைச்சா போதும்மா, சத்தம் வேண்டாம்" என்றார். நல்லவர்தான், அன்பாகத்தான் சொன்னார். நான் அசைத்தேன். பிறகு இந்தக் குழுவிலும் சேர்ந்து, கீழ்க்குரல் வரிசையில் நின்று பதினோரு வருடம் அசைத்தேன். ஒருவருக்கும் தெரியாது. நாற்பது பேர் பாடும்போது நடுவில் ஒரு ஆள் சத்தமில்லாமல் நின்றால், மற்ற எல்லாருடைய குரலும் எவ்வளவு துல்லியமாகக் கேட்கும் தெரியுமா? அப்படிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். என் தங்கை. நாற்பத்தொரு வயதாகிறது, இன்னும் எனக்குப் பாப்பாதான். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது, எனக்குப் பத்தொன்பது. தலை வாரிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, பன்னிரண்டு வயதில் கைபிடித்து இங்கே கூட்டிவந்தது எல்லாம் நான். என் பக்கத்தில் நின்று பாடியவளுக்கு என்னிடமிருந்து சத்தம் வரவில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளுக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

அவள் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று தெரியாது உங்களுக்கு. வாய் ஓயாது. துணி மடிக்கும்போது பாட்டு, பல் தேய்க்கும்போதும் பாட்டு. கதவைத் திறந்துகொண்டு "அக்கா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்றுதான் உள்ளே வருவாள். எனக்கு வேறு யாரும் கிடையாது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், அடுத்தடுத்து இரண்டு கட்டில்.

போன வருடம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய நகரத்தில் வருடம் முழுக்கப் பாடும் நிலையான குழு, தங்க இடமும் தருவார்கள். மூன்று வாரத்தில் நேரில் வந்து பாடிக் காட்ட வேண்டும். அவள் கடிதத்தை என்னிடம் நீட்டி, "அக்கா, போறேன்" என்றாள். "போகட்டுமா" என்று கேட்கவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன். பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்ததே நான்தான். துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அவள் பாடுவது கேட்டது. அது நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பயமாக இருந்தது. அவ்வளவு பயந்தது அம்மா போன அன்றைக்கு மட்டும்தான்.

அவள் போகும் முன் நம் ஆண்டு நிகழ்ச்சி இருந்தது. பாட்டுகளைத் தேர்வு செய்யும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கு. மாஸ்டர் சொன்னது ஒன்றுதான்: "பாப்பாவுக்கு நல்லா வாய்ப்பு குடுங்க தாளக்கா, போற பொண்ணு." கொடுத்தேன்.

தாளைப் பார்த்து ஒரு பாட்டு கடினமா என்று எடைபோடுகிறவர்கள் உச்ச சுரத்தைத்தான் தேடுவார்கள். அது ஏமாற்று. மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எட்டி எடுத்துவிட்டுக் கையை இறக்கிவிட்டால் ஒன்றும் ஆகாது. கையைத் தூக்கியபடியே ஒரு மணி நேரம் நின்றால்தான் தோள் போகும். ஒவ்வொரு குரலிலும் ஒரு மடிப்பு உண்டு, கீழ்க்குரல் முடிந்து மேல்குரல் தொடங்குகிற இடம். பாப்பாவின் மடிப்பு எங்கே என்று பாப்பாவுக்கே அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. எனக்குத் தெரியும். முதல் பாதியில் மூன்று பக்திப் பாடல்கள் வைத்தேன். மூன்றிலும் உச்சம் அதிகமில்லை, ஆனால் மூன்றும் அந்த மடிப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்து இறங்காதவை. பார்த்தவர்கள் எளிமையாக இருக்கிறது என்றார்கள்.

இரண்டாம் பாதி நாட்டுப்பாடல்கள். கடைசியாகப் படகுப் பாட்டு, பாப்பா தனியாகப் பாடுவது. கரையில் நிற்பவள் படகில் போனவனைக் கூப்பிடுகிற பாட்டு. "இருட்டும் முன்னே கரை திரும்பி வா." அந்த 'வா'வைப் பன்னிரண்டு எண்ணிக்கை இழுக்க வேண்டும், ஆறு கண்ணி, ஆறு முறை. 'ஆ' என்பதற்கு வாய் திறக்கும், தொண்டை திறக்கும், எந்தக் குரலும் அதில் இளைப்பாறிக்கொள்ளும். 'ஈ' அப்படியில்லை. மேலே நின்று 'ஈ'யை இழுத்தால் தொண்டை குறுகும், உள்ளே இருக்கும் இரண்டு மெல்லிய மடல்களும் ஒன்றோடொன்று அறைந்துகொள்ளும். அதனால் 'வா'வை எடுத்துவிட்டு 'நீ' என்று போட்டேன். "இருட்டும் முன்னே கரை திரும்பு நீ." சுருதியையும் ஒரு படி ஏற்றிப் புதிதாகப் பிரதி எடுத்தேன். பக்கவாத்தியம் இல்லாத பாட்டு. தாளில் என்ன சுருதியோ அதைத்தான் மாஸ்டர் சுருதிக்குழலில் ஊதி எடுத்துக் கொடுப்பார். படித்துப் பார்த்துவிட்டு, "'நீ'ன்னு வரும்போது இன்னும் உருக்கமா இருக்கே" என்று என்னைப் பாராட்டினார்.

ஒத்திகையில் பாப்பா என்னிடம் வந்தாள். "அக்கா, இது கொஞ்சம் மேல நிக்குதே?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு பாப்பா."

"சரி, நீ பார்த்துக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

அந்த வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. டாக்டர் பாட வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அவள் இல்லாவிட்டால் மாஸ்டர் ஏமாந்துபோவாரே என்றும் சொன்னேன். வேளாவேளைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கழுத்துக்குத் துணி சுற்றிவிட்டேன். என்னைவிட அவளை யாரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்க முடியாது.

நிகழ்ச்சியில் நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். ஐந்தாவது 'நீ'யில் குரல் போய்க் காற்று மட்டும் வந்தது. நீங்கள் எல்லாரும் பதறினீர்கள். அவள் நிறுத்தவில்லை, கடைசிக் கண்ணி முடியும்வரை வாயை அசைத்துக்கொண்டே நின்றாள். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நன்றாகச் செய்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை, என் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

தொண்டை டாக்டர் உள்ளே ரத்தம் கட்டியிருப்பதாகச் சொன்னார். மூன்று வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பெரிய நகரத்துக் குழுவுக்கு நானே கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார்கள். பெட்டியைப் பரணில் ஏற்றினேன்.

பாப்பா அழுதாள். சத்தமில்லாமல் அழுவது சிரமம், அதற்கும் பழக வேண்டியிருக்கிறது. நான் பக்கத்திலேயே இருந்தேன். "வாய மட்டும் அசை பாப்பா, போதும், அக்காவுக்குப் புரியும்" என்றேன். புரியவும் புரிகிறது. எனக்கு உதடு படிக்க வரும். அவளுக்கு வலிக்கிறதா, பசிக்கிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். ஒன்றில் மட்டும் கொஞ்சம் குழப்பம். சாப்பாடு போடும்போது தட்டைத் தள்ளிவிட்டு உதட்டைக் குவித்து ஏதோ சொல்வாள். 'போதும்' என்று எடுத்துக்கொள்கிறேன். 'போதும்' என்றால் கடைசியில் உதடு மூட வேண்டும். அவளுக்கு மூடுவதில்லை. 'போறேன்' என்று சொன்னாலும் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். நாள்பட்டுப் பேசாமல் இருப்பவர்களுக்கு உதடு சரியாகச் சேராது என்று நினைக்கிறேன்.

சில நாள் பென்சிலால் எழுதியும் காட்டுவாள். படித்துவிட்டு அழித்துவிடுவேன். நல்ல தாளை ஒரு வரிக்காக வீணாக்குவானேன்?

இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து டாக்டர் அவள் தொண்டைக்குள் கருவி விட்டுப் பார்த்தார். முடிவை இரண்டு நாளில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் மட்டும் போனேன். அவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்: காயம் ஆறிவிட்டது, இன்றிலிருந்து மெல்லப் பேசலாம், பயிற்சி எடுத்தால் பழையபடி பாடவும் முடியும். வீட்டுக்கு வந்து பாப்பாவிடம், ஒரு சொல் பேசினாலும் குரல் இந்த ஜென்மத்துக்குத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். அது நடந்து எட்டு மாதமாகிறது. அந்தக் குறிப்பை நான் கிழிக்கவில்லை, தாளைக் கிழிக்கிற வழக்கம் எனக்கில்லை. படகுப் பாட்டு உறையில், பழைய பிரதிகளுக்கு அடியில் இருக்கிறது. நேற்று நீங்கள் இன்னும் நாலு தாள் புரட்டியிருந்தால் கைக்குக் கிடைத்திருக்கும்.

புதுப் பெண்ணுக்கு 'வா' என்று இருக்கும் பழைய பிரதியையே கொடுங்கள். அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் கொடுமைக்காரி என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டுக்கு வந்து பாருங்கள். சுத்தமாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது. அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன், பழையபடி இரட்டைப் பின்னல். மாலையில் ஜன்னலோரம் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. சந்தேகமிருந்தால் அவளையே கேளுங்கள். இந்த எட்டு மாதத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.