கரடியையும் சேத்தா அஞ்சு

அங்க வேணாம் தம்பி, கதவு இடுக்குல காத்து வரும். இப்படி அடுப்புக்கிட்ட வந்து ஒக்காருங்க. இன்னும் கிட்ட. ஆங், அப்படி. லுவான் வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க மலையேறுற ஆளுன்னு கையில இருக்குற தடியப் பாத்தாலே தெரியுது. விடியறதுக்குள்ள பஸ் ஏறி, குலுங்கிக் குலுங்கி வந்த வயிறு. அதோட அவரு வாசல்ல போய் நின்னா சுடுதண்ணி கூடத் தர மாட்டாரு. கொழுக்கட்ட வெந்துக்கிட்டிருக்கு. பன்னிக்கறியும் புளிச்ச கோஸும் வச்சது. சாப்டுட்டுப் போலாம்.

மருந்து வேரு தோண்டப் போற லுவான் கூட்டத்துல மூணாவது ஆளா சேரத்தான வந்திருக்கீங்க? நான் யாருகிட்டயும் கேக்கல, மூஞ்சில எழுதியிருக்கு. அப்ப யின்ஹுவா கதையக் கேட்டுட்டுத்தான் போவணும். அந்த எடத்துல இருக்கறது அவதான்.

அட, பொம்பளையான்னு எல்லாரும் இப்படித்தான் முழிக்கிறாங்க.

முந்தின வருஷம் வரைக்கும் அவ புருஷன் பாவ்ஷன்தான் போய்க்கிட்டிருந்தான். லுவான் தலைவரு, அப்புறம் கோங்கு, அப்புறம் இவன். போன வருஷம் மலையில வேர்ச்செடிக் காய் செவக்க ஆரம்பிச்ச நேரம் பாத்து சோளக்கதிர்ப் பரண்லேருந்து விழுந்து கால ஒடச்சுக்கிட்டான். ரெண்டு பேரா மலையேற முடியுமா? ஒத்தப்படையில போயி ரெட்டப்படையில எறங்கணும். எடுத்துட்டு வர வேரையும் ஒரு ஆளாத்தான் நெனைக்கிறோம். ஒங்க பக்கமும் அப்படித்தான? ஆங். அப்ப ஒங்களுக்குப் புரியும். ஒரு பருவம் எடத்தக் காலியா விட்டா வேற எவனாவது வந்து குந்திக்குவான். அப்புறம் பாவ்ஷன் வீட்டுல பனிக்காலத்துல அடுப்பு எரியாது. அதனால யின்ஹுவா, நான் வரேன்னா.

லுவான் முடியாதுன்னுட்டாரு. பொம்பளைங்கறதுக்காக இல்ல, வாய்க்காக. அவ வாயி மூடி நான் பாத்ததில்ல. தும்மல் வந்தாக்கூட, இரு சொல்லி முடிச்சிடறேன்னு தும்மலையே நிறுத்தி வைப்பா. மலைக்குள்ள அது ஆவுமா? தடியால மரத்தத் தட்டித்தான் பேசிக்கணும். வாயத் தெறந்து எந்தப் பேரச் சொன்னாலும் அதக் கையோட கொண்டுட்டு எறங்கணும். இல்லன்னா மலைச்சாமி அந்தப் பருவம் முழுக்க ஒரு வேரக் கண்ணுல காட்டாது. ஒங்க பக்கம் இந்தக் கட்டுப்பாடு இல்லையா? பொழச்சீங்க. இங்க லுவானோட தாத்தா பாம்புன்னு சொல்லிப்புட்டு, பாம்பக் கழுத்துல மாலையாட்டம் போட்டுக்கிட்டு எறங்கினாராம். இன்னொருத்தன் மழ வருதுன்னுட்டான். ஒரு பானை மழையத் தலையில சொமந்துக்கிட்டு வந்தான், சிந்தாம.

அதனால லுவான் சொன்னாரு, நீ மலையேறினா எறங்கும்போது நாங்க ஒரு ஊரையே தூக்கிட்டு வரணும்டீன்னு.

இவ நேரா புருஷனோட தடிய எடுத்துக்கிட்டுப் போயி அவரு வீட்டு வாசல்ல நின்னா, வாய இறுக்கி மூடிக்கிட்டு. லுவான் பொண்டாட்டி வந்து திட்டிப் பாத்தா. பக்கத்து வீட்டுக்காரி வந்து அவ மாமியாரப் பத்தி வேணும்னே ஒரு பொய்யச் சொல்லிப் பாத்தா. ம்ஹூம். மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்த இல்ல. லுவானுக்கே பயம் வந்துருச்சு, இவளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு. சரி வா தாயேன்னுட்டாரு.

கெளம்புறதுக்கு மொத நாளு இங்க என் கடைக்கு வந்தா. மலையில பேச முடியாத பேச்சையெல்லாம் முன்கூட்டியே எங்கிட்டப் பேசித் தீத்துட்டுப் போனா. எனக்குக் காது ரெண்டும் சுட்டுப் போச்சு.

எடுத்துக்கங்க, சூடா இருக்கு. பூண்டு அந்தக் கிண்ணத்துல. வெளிய எதுக்கு எட்டி எட்டிப் பாக்கறீங்க? லுவானுக்கு நேரங்கழிச்சு வந்தா கோவம் வராது, பசியோட வந்தாத்தான் வரும்.

மலைக்குப் போனாங்களா? போயி, புதருக்குப் புதரு தடியால வெலக்கி வெலக்கிப் பாத்துக்கிட்டே நடக்குறாங்க. இவ ஒரு அக்ரூட்டக் கடவாயில அடக்கிக்கிட்டு நடக்குறா, வாய் தெறந்தா அது விழுந்துரும்னு. ஒண்ணும் கெடைக்கல. லுவானுக்கு எரிச்சலு. திரும்பித் திரும்பி இவ வாயத்தான் பாக்குறாரு, எப்படா தெறக்கும்னு. அப்படிப் பின்னாடியே பாத்துக்கிட்டு நடந்தவரு ஒரு புதர வெலக்கிட்டு முன்னால திரும்புனா, மூக்குக்கு நேரா ஒரு மூக்கு.

கரடி, அப்படின்னாரு.

யாரு சொன்னா? லுவான்தான் தம்பி. தலைவரு. முப்பது வருஷமா அடுத்தவன் வாயக் காவல் காத்த மனுஷன்.

கரடி அவர ஒரு பார்வ பாத்துட்டு, இந்த ஆளோட நமக்கென்ன பேச்சுங்கற மாதிரி மெதுவா எறங்கிப் போயிருச்சு. லுவான் அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. பேரச் சொல்லியாச்சு. இப்ப கரடியக் கொண்டு போவணும். யாரு கொண்டு போறது? அவரு எந்திரிச்சு, மூட்டையத் தோள்ல மாட்டிக்கிட்டு ஊர்ப்பக்கம் கையக் காட்டினாரு. பருவம் முடிஞ்சுது, எறங்குங்கன்னு அர்த்தம்.

யின்ஹுவா நின்ன எடத்துலயே யோசிச்சா. வெறுங்கையோட எறங்கினா ஊரு யாரச் சொல்லும்? தலைவரச் சொல்லுமா? பொம்பளையக் கூட்டிட்டுப் போனாங்க, மலைச்சாமி கண்ண மூடிக்கிச்சுன்னுதான் சொல்லும். பாவ்ஷன் எடமும் போச்சு.

அவ என்ன பண்ணா தெரியுமா? சுத்தும் முத்தும் பாத்தா. ஒரு பைன் மரத்துல கரடி முதுகத் தேச்சிருக்கு, பிசின்ல கொத்தா முடி ஒட்டியிருக்கு. அதப் பிச்சு, உருண்டையா உருட்டி, லுவானோட பொகையெலைப் பையில திணிச்சு, பைய ரெண்டு தட்டுத் தட்டினா. கரடி வந்தாச்சுங்கற மாதிரி. கோங்கு அப்பத்தான் மூச்சு விட்டான்.

அதோட விட்டாளா? கரடி நின்ன எடத்துல சாணி கெடந்துது. குச்சியால அதக் கிண்டினா. லுவான் மூக்கப் பொத்திக்கிட்டு மொறைக்கிறாரு. இவ ஒரு வெதைய எடுத்துத் தொடச்சு அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினா. வெளுப்பா, தட்டையா. ஆமா தம்பி, அதேதான். அந்தச் செவப்புக் காயோட வெதை. கரடி எங்கயோ தின்னுட்டு வந்திருக்கு.

அது வந்த தடத்தப் புடிச்சு மேல ஏறினாங்க. ஒரு ஓடைக்கு மேல, நெழல்ல நிக்குது செடி. காய் மொத்தமும் கரடி வயித்துல. வெறும் பச்சக் காம்பு. செவப்பத் தேடுறவன் கண்ணுக்குப் படவே படாது. ஆயிரம் பேரு தாண்டிப் போயிருப்பான். இவ அக்ரூட்டத் துப்பிட்டு, கத்தல, மெதுவாச் சொன்னா, கட்டைன்னு. வேரக் கண்டா எங்க பக்கம் அந்த ஒரு வார்த்ததான் சொல்லணும்.

என்ன சரக்குன்னு கேக்கணுமே தலைவரு. லுவானும் கேட்டாரு.

ஆறு எலைன்னா. அதுக்கு மேல ஒசந்த சரக்கு கெடையாது.

வேரு ஓடிப் போயிடாம செவப்பு நூலக் கட்டி, மான்கொம்பு ஊசியால ஒவ்வொரு சல்லிவேரா மண்ணத் தள்ளித் தள்ளி எடுத்து, பாசியப் போட்டு மரப்பட்டையில சுத்தினாங்க. கொழந்தையாட்டம் கை கால் நீட்டிக்கிட்டு இருந்துதாம். லுவான் மூஞ்சில சிரிப்பு. பாதி மலை எறங்கியாச்சு. அப்பத்தான் கோங்கு, வருஷத்துக்கு ரெண்டு வார்த்த பேசுற கோங்கு, வெரல மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டே வந்தவன், வாயத் தெறந்தான்.

அண்ணே, வேரோட சேத்தா நாலு, சரி. கரடியையும் சேத்தா அஞ்சு.

மூணு பேரும் நின்னுட்டாங்க. போனது ஒத்தப்படை, வரதும் ஒத்தப்படை. இப்படி எறங்கினா எடுத்த வேரு வீட்டுக்கு வரதுக்குள்ள பட்டைக்குள்ள வெறும் மண்ணாயிரும். லுவான் பொகையெலைப் பையையும் பாக்குறாரு, வேரையும் பாக்குறாரு. எத விடறது? கரடிய விட்டா சொன்ன சொல்லு போச்சு. வேர விட்டா வந்த வேலையே போச்சு.

யின்ஹுவா லுவான் மூஞ்சிய உத்துப் பாத்தா. பாத்துக்கிட்டே, கொசுன்னு சொன்னா. சொல்லிட்டு அவரு நெத்தியில வச்சா ஒரு அறை. அந்தச் சத்தத்துல பக்கத்து மரத்துப் பறவையெல்லாம் பறந்துருச்சாம். செத்த கொசுவ எடுத்து எலையில மடிச்சுப் பையில போட்டுக்கிட்டு, இப்ப ஆறு, நடங்கன்னா.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஊரே சிரிச்சுது. அதுதான வம்பாப் போச்சு. எறங்கி வந்த அன்னிக்கே இங்க ஒக்காந்து எல்லாருக்கும் சொல்லிட்டா, கோங்கு பக்கத்துல தலையத் தலைய ஆட்டறான். கரடியச் சொன்னதக் கூட லுவான் தாங்கிக்கிட்டாரு. நெத்தியில வாங்கினத மட்டும் தாங்க முடியல. தெருவுல போனா சின்னப் பசங்க நெத்தியத் தடவிக் காட்டுறாங்க. அதான் இந்த வருஷம் வேற ஆளத் தேடி, பஸ் டிரைவர்கிட்ட ஒங்களுக்குச் சொல்லியனுப்புனாரு. டிரைவரு எங்க சாப்புடுவாருன்னு நெனைக்கிறீங்க? நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதே முக்காலிதான்.

இருங்க, எதுக்கு அவசரமா எந்திரிக்கிறீங்க. சன்னல் வழியாப் பாருங்க, முகட்டுக்குக் கீழ, பைன் மரத்துக்கு மேல நூலாட்டம் பொகை. தெரியுதா? மலைச்சாமிக்குத் தழை பொகைக்கிறாங்க. லுவான், கோங்கு, யின்ஹுவா. மூணு பேரும் கும்புட்டுட்டு உள்ள போயாச்சு. நீங்க பஸ்ஸ விட்டு எறங்கும்போது ஓடைகிட்டத்தான் இருந்தாங்க. ஒங்க காலு நீளம், ஓடியிருந்தாப் புடிச்சிருப்பீங்க. இனிமே போனா நாலு பேரு. ரெட்டப்படை. லுவானே ஒங்களத் தொரத்திடுவாரு.

என்மேல கோவிச்சுக்காதீங்க தம்பி, அவ கேட்டுக்கிட்டா. கொழுக்கட்ட என் கணக்கு, பஸ்ஸு இன்னும் கொஞ்ச நேரத்துல திரும்பும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. நீங்க தூக்கத்துல பேசுவீங்களா?

மாட்டீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா யின்ஹுவா நேத்து பொழுது சாயுறப்ப லுவான் வீட்டுக்குப் போயி, ஒங்க ஊரு ஆளு சொன்னதா ஒரு சேதி சொல்லியிருக்கா. ஆளு நல்ல ஆளுதான் அண்ணே, தங்கமான ஆளு, கண்ணு மூடினாத்தான் வாயி நிக்கறதில்லையாம், தெனமும் ஒரே பேரத்தான் சொல்றாராம்னு. என்ன பேருன்னு லுவான் கேட்டிருக்காரு. சொல்லலாமோ என்னமோன்னு ரொம்பத் தயங்கி, அவரு காதுகிட்டப் போயி மெதுவாச் சொன்னாளாம், புலின்னு.