காந்தம் விழுந்த நாள்

அவைத் தலைவர் பேராசிரியர் துரைசிங்கம் அவர்களே, மறைந்த முனைவர் புஷ்பலதாவின் கணவர் கோகிலன் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஈப்போவிலும் சுங்காயிலும் இருந்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே!

நான் தனேஸ்வரன். எஃகுத் தொட்டி செய்கிற பட்டறைக்காரன். மேடைப்பேச்சு எனக்கு வராது. ஆனால் முனைவர் புஷ்பலதா உடையப்பனைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது? போன வாரம் அவர் மறைந்த அன்று அழுது தீர்த்துவிட்டேன். இன்று மார்தட்ட வந்திருக்கிறேன்!

பதினோரு ஆண்டுகளுக்கு முன் லூமுட்டில் நெத்திலி அவிக்கும் முதலாளி ஒருவருக்கு உப்புநீர்த் தொட்டி செய்தேன். அதை வாங்க வந்த அவர் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். நம் ஆட்களின் சோதனை அதுதானே! ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் சில்வர், அதாவது துருப்பிடிக்காத எஃகு. தொட்டியின் மடிப்பில் காந்தம் பச்சென்று ஒட்டிக்கொண்டது. "என்னண்ணே, தகரத்த வச்சு ஏமாத்துறீங்களா?" என்றார். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க நான் போலி தனேஸ்வரன்! இருபது வருடப் பெயர் போயிற்று. வரவிருந்த வேலைகளும் போயின.

காந்தம் பொய் சொல்லுமா? சொல்லாது. நாம்தான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நிரூபித்தவர் புஷ்பலதா!

நான் போய் முறையிட்டதும், அதே தகட்டில் மடித்த துண்டு ஒன்றைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அதன் மேல் எக்ஸ்கதிரைச் செலுத்தி, எந்தக் கோணத்தில் அது சிதறித் திரும்புகிறது என்று அளந்தார். எஃகுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, எவ்வளவு இழுபட்டிருக்கின்றன என்பதை அந்தக் கோணம் காட்டிவிடும். மடிக்காத இடத்தில் அடுக்கு சரியாக இருந்தது. மடித்த இடத்தில் அடுக்கே மாறியிருந்தது. காந்தம் பிடித்தது அந்த மாற்றத்தைத்தான்!

முதலாளியையும் வரவழைத்தார். எங்கள் கண்ணெதிரே துண்டைச் சூளையில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்து, "இப்ப வச்சுப் பாருங்கண்ணே" என்றார். காந்தம் நழுவித் தரையில் விழுந்தது! எந்த மேளத்திலும் நான் கேட்காத இசை அது! சூட்டில் அடுக்கு பழையபடி திரும்பிவிட்டது; தகரமாக இருந்தால் காந்தம் ஒட்டியே இருந்திருக்கும்!

குதித்தேன். அறிக்கையைப் படித்ததும் குதிப்பு நின்றுவிட்டது. முதல் வரி: எஃகு அசல். இரண்டாம் வரி: மடிப்பில் இழுவிசை மிக அதிகம், கொதிக்கும் உப்புநீரில் விரிசல் விடும், தொட்டியைப் பயன்படுத்தக் கூடாது.

"ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துடுங்களேம்மா" என்று கெஞ்சினேன்.

"உங்க பேருக்காக மட்டும் அளக்கலண்ணே. கொதிக்கிற தண்ணி பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சேத்துத்தான் அளந்தேன். எடுக்க முடியாதுலா."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் புதுத் தகடு போட்டு, மடிப்பை அகலமாக வளைத்தேன். அவரே வந்து அளந்து, சரி என்றார். அந்தத் தொட்டி இன்றும் லூமுட்டில் கொதிக்கிறது. ஒரு விரிசல் உண்டா? ஒரு கீறல் உண்டா? ஒருவர் மேலாவது வெந்நீர் பட்டதுண்டா?

சுங்காய்த் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய ராக்காயி அம்மாவின் மகள், எஃகின் உள்ளே இருப்பதைப் படித்துச் சொன்னார்! வேறென்ன வெற்றி வேண்டும் நமக்கு?

அந்த அறிக்கை என் பட்டறை வாசலில் மாட்டியிருக்கிறது. இரண்டு வரியும் இருக்கின்றன. திங்கட்கிழமை அடுத்த தொட்டி தயாராகிறது. அவர் பழக்கிய ஆய்வுக்கூட ஆட்கள் அளக்காமல் அது வாசலைத் தாண்டாது. குற்றம் இருந்தால் எழுதட்டும். புஷ்பலதா மேல் ஆணை, அந்த வரியை எடுக்கச் சொல்லி இனி எவரிடமும் கெஞ்ச மாட்டேன்!