தகரத்தைத் தள்ளிவைத்து விரல்களைக் காத்த காசிநாதன் அவர்களுக்கு

பொன்மலையில் பிறந்து, திருவரங்கத்தில் குடியமர்ந்து, திருச்சித் தெருவெங்கும் ஓடும் தண்ணீர் லாரிகளுக்கு எழுத்தழகு ஈந்த எங்கள் பெயிண்டிங் பிரிவு மேற்பார்வையாளரே! வண்ணம் அறிந்த வள்ளலே! தின்னர் வாடையைத் தாழம்பூ மணமென முகர்ந்த தகைமையாளரே! கடிந்துகொண்ட கையோடு மணப்பாறை முறுக்கை நீட்டும் கனிந்த நெஞ்சத்தவரே! வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்களை மேய்த்தீர்கள். அதட்டினீர்கள், அணைத்தீர்கள். ஆனால் இம்மடல் புகழ வந்தது ஒரே ஒரு செயலை.

டேங்கரின் வயிற்றில் ஆளுயர எழுத்தில் ‘குடிநீர்’ என எழுத, அன்று நம்மிடம் இருந்தவை எழுத்து வடிவில் வெட்டிய தகர ஸ்டென்சில்கள். அவற்றின் ஓரம் நம் பெயிண்டர் வியாகுலம்மாளின் வலக்கையைக் கிழித்தது. கையுறை போட்டால் பிரஷ் பிடிபடவில்லை. இன்னொரு வெட்டு விழுந்தால் விரல் மடங்காது என்றார் மருத்துவர். பிரஷைப் பிடுங்கி அவரிடம் துடைப்பத்தைக் கொடுக்க நிர்வாகம் முடிவெடுத்தது. ஸ்டென்சிலை மாற்றலாமே என்றால், தகரம்தான் நெடுநாள் உழைக்கும் என்றார்கள். நீங்கள் எழுந்து, “தகரம் உழைக்கும்ங்க சார். அந்தம்மா கை உழைக்க வேணாமா? ஒரு மாசம் டயம் கொடுங்க” என்றீர்கள்.

பிறகு தொடங்கியது உங்கள் திருவிளையாடல்! அட்டையை வெட்டினீர்கள், பெயிண்டில் ஊறி அப்பளமாய் நொறுங்கியது. சும்மா கிடைத்ததே என்று கல்யாண பிளக்ஸை வெட்டினீர்கள். தின்னர் பட்டதும் சாயம் கரைந்து, மாப்பிள்ளையின் மீசை டேங்கரில் ஒட்டிக்கொண்டது. பார்வையிட வந்த அதிகாரியின் முன் நீங்கள் அசடு வழிந்ததை எண்ணி இன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், மன்னியுங்கள்.

அசரவில்லை நீங்கள். காந்தி மார்க்கெட் பக்கத்துக் கடையொன்றில், ஆபீஸ் ஃபைல் செய்யும் கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டைக் கண்டெடுத்தீர்கள். ஒரு பகல் முழுதும் தின்னரில் ஊறப்போட்டும் அது இளகவில்லை. டேங்கரின் வளைவோடு வளைந்தது, துடைத்தால் புதிதாயிற்று, ஓரம் யாரையும் கிழிக்கவில்லை. நிர்வாகம் இறங்கிவந்தது. துடைப்பம் மூலைக்குப் போயிற்று.

ஐயா, நீங்கள் பணி ஓய்வு பெற்றுப் போவது எங்களுக்கு வலிக்கிறது. நாளை உங்கள் பொறுப்பை ஏற்பவர் வியாகுலம்மாள். ஆகவே வாழ்த்தை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் சொன்னது இவ்வளவுதான்:

“நான் இன்னும் பெயிண்டராத்தான் இருக்கேன் சார். மாதா உங்களுக்கு நெறஞ்ச ஆயுசக் கொடுக்கட்டும்.”

அவ்வாறே வேண்டி நிற்கும்,
பெயிண்டிங் பிரிவு ஊழியர்கள்,
திருச்சிராப்பள்ளி.