வெட்டின காட்டுக்கு ஓர்கிட் கட்டியவன்

— கயித்தக் கொஞ்சம் தளத்துங்க, புவனேந்திரன் அண்ணன். இன்னும். நான் இந்தக் கொப்புல காலூண்டணும்.

— போதும் நஸ்மியா மிஸ், எறங்குங்க. மழை இருட்டிக்கிட்டு வருது. மரம் பூரா ஓர்கிட் செடின்னு கீழ இருந்தே தெரியுதே! இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?

— வேரப் பாக்கணும். அண்ணன், ஓர்கிட்டுக்கு யாரு நைலோன் நூல் கட்டின?

— நூலா? காத்துல விழாம இருக்க யாராச்சும் கட்டியிருப்பாங்க.

— இவ்வளவு உசரத்துல ஏறி வந்தா? இத மாதிரி முடிச்சத்தானே காலையில என்ட இடுப்புக் கயித்துலயும் போட்டீங்க?

— மிஸ்...

— கயிறு ஆடுது! புடிங்க!

— புடிச்சிருக்கேங்க. சரி, நான்தான் கட்டுனேன். ரெண்டு மாசமா, ஞாயித்துக்கெழமையானா இதே வேலை.

— என்னத்துக்கு?

— நல்லா கேட்டீங்க! இது அந்தக் காலத்துல வெட்டி மறுபடி மொளைச்ச காடு, இத அழிச்சு வெறகு மரம் நடலாம்னு தோட்டத்துக் கம்பெனிக்காரன் சொல்றான். மரத்து மேல ஓர்கிட் இருந்தா அது பழைய காடு, அவன் கை வைக்க முடியாதுன்னு எங்க லயத்து வீட்டுக்கு வந்து சொன்னது யாரு? நீங்கதானே? எங்க பீலில கொட்டுற தண்ணி இந்த மேட்டு ஊத்துல இருந்துதான் வருது. காடு போனா ஊத்தும் போச்சு. நீங்க பண்டாரவளைக்குப் போயிடுவீங்க. நாங்க, பதுளையில இருந்து தண்ணி பவுசர் வரும்னு வாளியும் கையுமா நிக்கணும்.

— நான் சொன்னது ஓர்கிட் வளர்ற காடு. கட்டின காடில்ல.

— பாக்குறவன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?

— இல்ல. இங்க கொப்பெல்லாம் வழுவழுன்னு ஈக்குது. பாசி இல்ல, மக்கின மண் இல்ல. வெட்டி அறுவது வருஷமாகியும் மரம்தான் திரும்பி வந்தீக்குது. மரத்து மேல வாழ்ற செடி வரல்ல. நீங்க கட்டினதுலயும் பாதி கருகிட்டு.

— அப்ப மீதிப் பாதிய மட்டும் உங்க ரிப்போட்டுல எழுதுங்க.

— பகிடியா? அடுத்த கிழமை கம்பெனி ஆளும் ஏறுவான், நூலப் பாப்பான். பொறவு என்ட பேச்ச எவன் நம்புவான்? உள்ளதத்தான் எழுதுவேன்.

— எழுத மாட்டேன்னு சொல்லுங்க மிஸ். சொல்லிட்டு எறங்குங்க.

— மெரட்டுறீங்களா? என்ட கயிறு உங்கட கையில ஈக்குது.

— ஐயோ, மெரட்டலீங்க, கெஞ்சுறேன்! கயித்தப் புடிச்சிக்கிட்டு கெஞ்சினா அப்பிடித்தான் கேக்கும்போல.

— அப்ப எறக்குங்க. மெதுவா. மெதுவா!

— இந்தா, தரைக்கு வந்துட்டீங்க. ஒண்ணும் ஆகல.

— உங்கட மூஞ்சிதான் வெளுத்துப் போயிட்டு. உட்காருங்க. தண்ணியக் காப்பாத்த வழி இல்லாம இல்ல.

— என்னங்க வழி?

— அந்தப் பக்கம், பாறைக்குக் கீழ ஒரு பள்ளம் ஈக்குதே? காடு வெட்டின காலத்துல மரம் இழுக்க வந்த யானைகூட அங்க எறங்க ஏலாமப் போச்சாம். வெட்டாத மரமெல்லாம் அப்பிடியே நிக்குது. போன வருஷம் எதிர்மேட்டுல இருந்து தூரக்கண்ணாடியில பாத்தேன். கொப்புக்குக் கொப்பு ஓர்கிட். அந்த ஒரு பள்ளம் பழைய காடு எண்டு எழுதினாப் போதும், மொத்த மேட்டுலயும் அவன் கை வைக்க ஏலாது.

— பெரிய மரம் நின்னா மட்டும் போதாதுங்களா?

— போதாது. மேல ஈக்குற செடியத்தான் கணக்குல எடுப்பாங்க. நாளைக்கு ரெண்டு பேருமா எறங்குவோம்.

— வேணாம் மிஸ்.

— ஏன், பாறை வழுக்குமா?

— வழுக்காதுங்க. அங்க எறங்கித்தான் ஒரு கொப்பு விடாம உரிச்செடுத்து, எல்லாத்தையும் இங்க கொண்டாந்து கட்டுனேன்.