கரி என்றொரு சாட்சி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, ஆலைத் தோழர்களே! நான் வக்கீல், பேசிப் பிழைப்பவன். இன்று எனக்கே நாக்கு எழவில்லை.

நம் லைன் அண்ணன் போய்விட்டார். ஆலையின் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்து, குரலை வைத்தே ஆளைச் சொன்னவர். பார்வையில்லாத அந்த மனிதரிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் யாரு சொல்லுங்க?" என்று ஏமாற்றப் பார்க்காதவர் உங்களில் யார்? ஒருவராவது ஜெயித்தீர்களா?

அன்று லைனில் அவர் காதில் விழுந்தது மேலாளரின் குரல். "பின்வாசலைப் பூட்டு. ஒருத்தியும் நேரத்துக்கு முன்னாடி போகக்கூடாது." சற்று நேரத்தில் தையல் பிரிவில் தீ. பூட்டிய கதவுக்குப் பின்னால் நம் பெண்கள் செத்தார்கள். ஐயோ, எப்படிச் செத்தார்கள்!

கேட்டதைக் கேட்டபடி கூண்டிலேறிச் சொன்னார் அண்ணன். வேலையைப் பறித்தார்கள், அப்போதும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "சாட்சிங்கற வார்த்தையே கண்ணைக் குறிக்கிற வடசொல்லுலேருந்து வந்ததுங்க. கண்ணோட இருந்தவன்தான் சாட்சி. இவருக்கு அது எங்கே?" சிலர் சிரித்தார்கள். அண்ணன் தலைகுனிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும், "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கண்ணே. பழந்தமிழ்ல சாட்சிக்குக் கரின்னு பேரு. அதுல கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன்.

"கரியா? அடுப்புக்கரியா?"

"சொல்லு அதேதான். அர்த்தம் வேற."

என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. "வேறயா? அந்த ரூம்ல மிஞ்சுனதே அதுதானே, வக்கீல் சார்?"

அந்த மனிதரின் நெஞ்சு முந்தாநாள் நின்றுபோனது. அவர் வாக்குமூலம் நிற்கிறது. ஆனால், தோழர்களே, மறைக்காமல் சொல்கிறேன்: தொலைபேசியில் கேட்ட ஒரு குரலை மட்டும் நம்பி இந்த வழக்கு தேறாது. பூட்டியதைப் பார்த்தவர் வேண்டும். பின்வாசலுக்கு வெளியே அன்று சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

வேலை போய்விடுமே என்று பயமா? போய்விடும். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வழக்கையும் காசு வாங்காமல் நானே நடத்துவேன். இது இந்தப் படத்தில் இருக்கும் அண்ணன் முகத்துக்கு நேராக நான் கொடுக்கும் வாக்கு.

திங்கட்கிழமை அடுத்த சாட்சியைக் கூப்பிடுவார்கள். யாரும் வராவிட்டால் மேலாளர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார். வாங்கப்பா. யாராவது ஒருத்தர் வாங்க.