செம்பனேந்தல்ல கண்ணு தெறந்த கதை

அந்தக் காலத்துல, நம்ம செம்பனேந்தல்ல ஜமீந்தார் வச்சதுதான் சட்டமாம். அப்ப இங்க அடைக்கலம் வேளார்னு ஒருத்தரு, அய்யனாருக்கு மண்குதிரை செய்யிறவரு. அவரு வழிதான் நாங்க.

ஒரு வருசம் பயிரு கருகுது. கம்மாயில தண்ணி கெடக்கு, ஜமீந்தாரு மடையைத் தெறக்க மாட்டேங்குறான். சனங்க போயித் தெறந்துட்டாக. சும்மா விடுவானா? கரையிலயே வெட்டிச் சாச்சுட்டானாம். வேளார் மக பொன்னழகியும் அதுல போயிட்டா. "எந்த வீட்டுலயாச்சும் ஒப்பாரிச் சத்தம் கேட்டுச்சு, அந்த வீடே இருக்காது"ன்னு தண்டோராப் போட்டான். பெத்தவளுக வாயில சீலையைத் திணிச்சுக்கிட்டு அழுதாளுகளாம். பாவிப்பய!

திருவிழா வந்துச்சு. குதிரை செய்ய உத்தரவா ஒரு பிடி மண்ணு, அதான் பிடிமண், குடுக்கணுமில்ல? ஜமீந்தாரு தன் கையால குடுத்தான். வேளார் வாங்குனாரு. வாங்கி, வர்ற வழியில வாய்க்கால்ல விட்டாரு. நேரா கம்மாக்கரைக்குப் போயி, ரத்தம் குடிச்ச எடத்துல ஒரு பிடி அள்ளுனாரு. அதைக் களிமண்ணோட பெசைஞ்சு, குதிரை செய்யல, செத்த சனத்தைச் செஞ்சாரு. பொன்னழகிக்கு அதே மூக்கு, அதே தெத்துப்பல்லு.

சூளையப் பிரிச்சதும் ஜமீந்தாருக்குச் சேதி போயிருச்சு. "ஒடைங்கடா எல்லாத்தையும்!"னு ஆளுகளை ஏவிட்டான்.

கண்ணு எழுதாதவரைக்கும் அது வெறும் மண்ணு. எழுதிட்டா சாமி. கோயில் வாசல்ல, ஜமீந்தாரு முன்னாலதான் எழுதணும், அதான் வழக்கம். வேளார் வழக்கத்தைப் பாக்கல, மையைத் தொட்டாரு.

ஒரு சிலை, கண்ணு. அடுத்த சிலை, கண்ணு. சூடு ஆறல, வெரலு பொத்துப்போகுது. தெருவுல ஆளுக ஓடியார சத்தம். பொண்டாட்டி கத்துறா: "நம்ம புள்ளைக்கு மொதல்ல வைய்யா!"

"ஊரான் புள்ளைக முந்தட்டும்டி. நம்ம புள்ள பொறுத்துக்கும்"னாராம்.

பொன்னழகி மட்டும் பாக்கி. மையோட கையத் தூக்குறாரு, வந்தவன் கம்பு சிலை மேல விழுந்துருச்சு. சில்லு சில்லாப் போயிட்டா.

அடுத்ததை அடிக்கக் கம்பை ஓங்குனவன் நின்னுட்டான். எல்லாம் அவனையே பாக்குது.

"அடிடா!"ன்னான் ஜமீந்தாரோட காரியக்காரன்.

"நீ அடி. சாமி ஒங்கண்ணைக் குத்தட்டும்"னுட்டுக் கம்பைப் போட்டானாம்.

அப்பத்தான் பெத்தவளுக வந்தாளுக. அவவ புள்ளைய அவவ கட்டிக்கிட்டா. அடக்கி வச்ச ஒப்பாரி அங்க வெடிச்சுச்சு. சாமி முன்னால அழுறவளை எந்த ஜமீந்தாரு தடுக்குறது?

மத்த ஊர்ல கண்ணு தெறந்தாக் குலவை போடுவாக. நம்ம ஊர்ல ஒப்பாரி வெக்கிறது அதனாலதான். பிடிமண்ணும் யாரு கையிலயும் வாங்குறதில்ல, கம்மாக்கரையில நாங்களே அள்ளிக்கிறோம். எத்தனை சிலை செஞ்சாலும் சரி, மொதக் கண்ணு பொன்னழகிக்குத்தான்.